மூச்சுப் படம்

கடுகுக்குப் பல்லிளிப்பைக் கண்டால் ஆகாது. சிரிப்பு வேறு, பல்லிளிப்பு வேறு. வாசலில் தையல்காரரோடு வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்த மனிதர், உள்ளே வந்து ஸ்டூலில் உட்கார்ந்து கேமராவைப் பார்த்ததும் வயிற்றை எக்கி, கழுத்தை நீட்டி, பேய் முழி முழித்து, பல் டாக்டரிடம் காட்டுவதுபோல் இரண்டு வரிசையையும் காட்டுவார். பார்த்தாலே அவளுக்குக் குமட்டிக்கொண்டு வரும். "வாய மூடுங்க, ஈ போயிடும்" என்பாள். வந்தவர்களுக்குச் சுருக்கென்றிருக்கும். இருக்கட்டுமே, அவளுக்கென்ன!

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவளுக்கு உண்டுதான். யார் கூப்பிட்டார்கள்? தொட்டதற்கெல்லாம் வெடிப்பதால் தெருவுக்கு அவள் கடுகு, சின்னவர்களுக்குக் கடுகக்கா. அவள் கணவரின் பெயரும் அதே கதிதான். அவர் இஸ்திரி. துணி தேய்க்கிறவர் இல்லை, முகம் தேய்க்கிறவர். கடுகு எடுத்துக் கொடுக்கும் முகங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, சுருக்கம், மரு, பரு, கருவளையம் ஒன்று விடாமல் தேய்த்து, மேலே கொஞ்சம் வெள்ளையடித்துக் கொடுப்பார். அந்தப் பெயரை வைத்ததே கடுகுதான். அவரும் கோபித்துக்கொள்ளவில்லை. கோபம் என்பதே அந்த மனிதருக்கு வராது. அதுவும் அவளுக்கு எரிச்சல்.

தையல் கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவே நெருக்கிக்கொண்டு நிற்கிறது அவர்களுடைய ஸ்டூடியோ. முன்னறையில் இஸ்திரியின் கம்ப்யூட்டரும் பிரிண்டரும், கண்ணாடி மேஜைக்குள் விதவிதமான சட்டங்களும். உள்ளறை கடுகுடையது. நீளமான அறை, பக்கவாட்டில் ஒரே ஒரு பெரிய சதுர ஜன்னல், அதில் பழைய வெள்ளை வேட்டி ஒன்று தொங்கும். வெயில் அந்த வேட்டியில் வடிந்து, பால் மாதிரி உள்ளே வரும். ஜன்னலுக்குப் பக்கத்தில் ஸ்டூல். ஸ்டூலுக்குப் பின்னால் சுவரை முழுக்க மறைத்து ஒரு நீலத் திரை. நெற்றியில் அடிக்கிற பெரிய விளக்குகள் வாங்கிப் போடலாம் என்று இஸ்திரி சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டார். "திருடன விசாரிக்கவா போறோம்?" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள்.

"சிரிங்க" என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை. வந்தவரின் தோளை ஜன்னல் பக்கம் சற்றே திருப்புவாள். கேமராவை அவர் கண் உயரத்துக்கு இறக்குவாள். குள்ளமானவர் என்றால் மண்டி போடவும் தயங்க மாட்டாள். மேலேயிருந்து எடுத்தால் எப்பேர்ப்பட்டவரும் திட்டு வாங்குகிற பிள்ளை மாதிரி விழுவார் என்பது அவள் கட்சி. அப்புறம் கேமராவில் ஏதோ கோளாறு என்பதுபோல் அதைத் திருகிக்கொண்டே, "உங்களுக்கு ரொம்ப நல்லா வர்ற வேலை எது?" என்று கேட்பாள். ஆள் யோசிப்பார். புருவம் இறங்கும், உதடு தன் இடத்துக்குத் திரும்பும். அப்போது ஒன்று எடுப்பாள். ஆனால் அவள் காத்திருப்பது அதற்கும் இல்லை. "அவ்வளவுதான், முடிஞ்சது, எந்திரிங்க" என்பாள். உட்கார்ந்திருப்பவர் "அப்பாடா" என்று மூச்சை விடுவார் பாருங்கள், அந்த நொடியில் விரல் விழும். அதுதான் அவளுடைய மூச்சுப் படம். அதில் இருப்பவர்தான் அசல் ஆள், அதற்கு முன்னால் உட்கார்ந்திருந்ததெல்லாம் வேஷம் என்பாள்.

காசு கொடுத்து ஒரு ஈ காக்கைகூட அதை வாங்கியதில்லை.

"ஐயய்யோ, இது யாருங்க?"

"நீங்கதான்."

"நான் இப்படியா இருக்கேன்?"

"இல்ல, உங்க பக்கத்து வீட்டுக்காரர் இப்படி இருக்காரு."

உடனே முகம் கோணும். இஸ்திரி எழுந்து ஓடி வந்து, "நீங்க உக்காருங்க சார், நான் பார்த்துக்கறேன், ஜம்முனு ஆக்கிடலாம்" என்று சமாதானம் செய்வார். ஜம்மென்று ஆக்கிய முகங்கள் வரிசையாகக் கண்ணாடி மேஜையில் கிடக்கும். எல்லாம் ஒரே சாயல், ஒரே சோப்பில் குளித்துவிட்டு வந்த மாதிரி. அந்த மேஜையைத் துடைக்கும்போதெல்லாம் கடுகு முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் துடைப்பாள்.

"பாவம் ஜனங்க, சந்தோஷமா வாங்கிட்டுப் போகட்டுமே" என்பார் இஸ்திரி. அதையும் மீறி அவள் பேசினால், "நமக்குச் சோறு போடறது உன் மூச்சா, என் தேய்ப்பா, சொல்லு" என்பார் மெதுவாக. அந்தச் சோற்றைத்தானே அவளும் சாப்பிடுகிறாள்? அதை நினைத்தால் தன் மேலேயே அருவருப்பாக இருக்கும். விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு ஏற்கெனவே பெருக்கிய அறையை இன்னொரு தரம் பெருக்குவாள்.

போன வருஷம் சோபாக் கடைக்காரர் தன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தார். அவர் இஸ்திரியின் பழைய வாடிக்கை. முச்சந்தியில் பெரிய பலகையில் சோபாவின் மேல் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருப்பாரே, அந்தப் படம் இஸ்திரி தேய்த்ததுதான். மனிதருக்கு நல்ல சப்பை மூக்கு. இஸ்திரி அதைப் பிடித்துத் தூக்கி, கத்தி மாதிரி நிறுத்திவிட்டிருந்தார். "அந்த மூக்குல கொடி ஏத்தலாம்" என்று கடுகு முதல் நாளே சொன்னாள். சோபாக் கடைக்காரருக்கோ அதன் மேல் அவ்வளவு ஆசை. கடை விசிட்டிங் கார்டிலும் அதே முகத்தை அச்சடித்துக்கொண்டார்.

"புது வீட்டு ஹால்ல மாட்டணும். அம்மா படம் கம்பீரமா இருக்கணும்" என்றார்.

அம்மாவுக்கு மறதி தொடங்கியிருந்தது. உள்ளே வந்ததிலிருந்து, "யார் வீடுடா இது?" என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தாள். இடது புருவத்திலிருந்து கன்ன எலும்பு வரை ஒரு நீளத் தழும்பு. அது இழுத்ததில் இடது கண் சற்றுச் சின்னது, உதடும் அந்தப் பக்கம் கொஞ்சம் ஏறியிருந்தது. நரைத்த முடி காதோரம் சிலிர்த்துக்கொண்டு நின்றது. மகன் பக்கத்திலேயே நின்று, "நேரா பாரும்மா, சிரிம்மா, வாய அப்படி வைக்காதம்மா" என்று பிடுங்கி எடுத்தார். அந்த அம்மா வகுப்பில் மாட்டிக்கொண்ட பிள்ளை மாதிரி விறைத்துப் போனாள்.

"சார், நீங்க கொஞ்சம் வெளியில நில்லுங்க. காத்து வரல" என்று கடுகு அவரை முன்னறைக்கு விரட்டினாள். பிறகு கேமராவைத் திருகிக்கொண்டே, "ஏம்மா, சின்ன வயசுல நீங்க எதுல கெட்டிக்காரி?" என்றாள்.

அம்மா வெகுநேரம் யோசித்தாள். பிறகு முகம் ஓரத்திலிருந்து மெல்ல விடிந்தது.

"சைக்கிளு" என்றாள். "எங்க தெருவுலயே பொம்பளைங்கள்ல நான் ஒருத்திதான். ரெண்டு கையையும் விட்டுட்டு ஓட்டுவேன், தெரியுமா?" தழும்பைத் தொட்டுக் காட்டினாள். "இது அதுல வந்ததுதான். கைய விட்டுட்டு வர்றேன், எதிர்ல தண்ணி வண்டி."

"ஐயோ! வலிச்சுதா?"

"வலிக்காம? ஆனா விழுற வரைக்கும் நல்லா இருந்துச்சுடி."

கடுகுக்கு அன்று வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு வாடிக்கையாளரைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. "முடிஞ்சதும்மா, எந்திரிங்க" என்றாள். அம்மா மூச்சை விட்டாள். தழும்பும் சின்னக் கண்ணும் ஏறிய உதடும் காதோர முடியும் எல்லாம் சேர்ந்து ஒரு முகமாக வந்து விழுந்தது.

மகன் அதைத் திரையில் பார்த்துவிட்டுக் கையை உதறினார். "ச்சே, என்னங்க இது, அடிபட்ட கேஸ் மாதிரி! இத அழிச்சிடுங்க." இஸ்திரி வேறொரு படத்தை எடுத்துக்கொண்டு நாள் முழுக்கத் தேய்த்தார். தழும்பு போயிற்று. இரண்டு கண்ணும் ஒரே அளவாயின. உதடு இறங்கியது, முடி கறுத்தது, கன்னம் பளிங்காயிற்று. மகன் மகிழ்ந்துபோய் எடுத்துக்கொண்டு போனார். கடுகு அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அதெல்லாம் போன வருஷம். இப்போது நடந்ததுதான் கதை.

ஒரு காலை ஸ்டூடியோவைத் திறக்க வந்தபோது ஷட்டருக்குப் பக்கத்துச் சுவரில் புதிதாக ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. 'காணவில்லை' என்று மேலே கொட்டை எழுத்து, கீழே ஒரு பெண்ணின் முகம். யாரோ வசதியான வீட்டு அம்மா, வயசே தெரியவில்லை. 'பாவம், எங்கே போனாளோ' என்று நினைத்தபடி கடுகு பூட்டைத் திறந்தாள். பால் வாங்கப் போனபோது அதே முகம் மின்கம்பத்தில் இருந்தது. அதையும் பார்த்தாள், 'உச்' கொட்டினாள், தாண்டிப் போனாள்.

கடையைத் திறந்து உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் சோபாக் கடைக்காரர் ஓடி வந்தார். தாடி மண்டியிருந்தது. சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார்.

"அந்தப் படத்த இன்னும் பெருசா அடிச்சுக் குடுங்க. ஊர் முழுக்க ஒட்டியாச்சு. முந்தாநாள்லேர்ந்து ஒரு போன்கூட வரல" என்றார்.

"எந்தப் படம்?" என்றாள் கடுகு.

"எங்க அம்மா படங்க! முந்தாநாள் கதவத் திறந்துகிட்டு எங்கேயோ போயிட்டாங்க. தண்ணி குடிச்சாங்களோ, சாப்பிட்டாங்களோ, ஒண்ணும் தெரியல. அவங்களுக்கு வீட்டு முகவரிகூட ஞாபகம் இல்ல." சொல்லிக்கொண்டே கண்ணைத் துடைத்தார்.

கடுகு எழுந்து வாசலுக்குப் போனாள். நோட்டீஸின் முன்னால் நின்றாள். யார் இது? சைக்கிள் ஓட்டிய அம்மா எங்கே, இந்தப் பளிங்கு பொம்மை எங்கே? கிட்டே போய்ப் பார்த்தாள். கண்மணிகள் இரண்டிலும் குட்டிக் குட்டியாக ஒரு சதுர வெளிச்சம் தெரிந்தது. அவளுடைய ஜன்னல்! இஸ்திரி தேய்க்க மறந்த ஒரே இடம். தன் ஜன்னல், தன் கேமரா, தன் கையால் எடுத்த படம்; காலையிலிருந்து இரண்டு தரம் பார்த்துவிட்டு 'யாரோ' என்று தாண்டிப் போயிருக்கிறாள். எடுத்தவளுக்கே தெரியவில்லை என்றால், பஸ்ஸுக்கு ஓடுகிறவனுக்கா தெரியப் போகிறது? த்தூ என்று துப்பத் தோன்றியது. யார் மேல் துப்புவது என்றுதான் தெரியவில்லை.

உள்ளே வந்தாள். "இந்த முகத்த எவ்வளவு பெருசா அடிச்சாலும் யாருக்கும் தெரியாது. இந்த முகத்துல இந்த ஊர்ல ஒருத்தரும் இல்ல. அன்னைக்கு எடுத்தேனே, அந்த மூச்சுப் படத்த எடுங்க" என்றாள் இஸ்திரியிடம்.

இஸ்திரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "போன மாசம் கம்ப்யூட்டர்ல இடம் பத்தல... யாரும் வாங்காத படம்தானேன்னு மொத்தமா அழிச்சிட்டேன்."

"மொத்தமாவா?"

"மொத்தமாத்தான்."

அவள் கத்துவாள் என்று இரண்டு ஆண்களும் காத்திருந்தார்கள். கத்தவில்லை. உள்ளறைக்குப் போனாள். நீலத் திரையை இரண்டு கையாலும் பிடித்துச் சரக்கென்று ஒரு பக்கமாக இழுத்தாள்.

சுவர் முழுக்க முகங்கள். உள்ளங்கை அளவுப் படங்கள், பசை போட்டு ஒட்டியவை. கண்ணைத் தளர விட்டவர்கள், கன்னம் தொங்கியவர்கள், உதட்டைக் கடித்தவர்கள், யாரையோ நினைத்துக்கொண்டவர்கள். மனசுக்குப் பிடித்ததையெல்லாம் யாருக்கும் தெரியாமல் அச்சடித்து அங்கே ஒட்டிவைத்திருந்தாள். இத்தனை காலமும் வாடிக்கையாளர்கள் திரைக்கு முன்னால் உட்கார்ந்து பல்லிளித்துக்கொண்டிருக்க, அவர்களுடைய நிஜ முகங்கள் முதுகுக்குப் பின்னாலேயே இருந்திருக்கின்றன. தையல்காரர் அங்கே இருந்தார். ஜெராக்ஸ் கடை அக்கா இருந்தாள். இஸ்திரியே இருந்தார், மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக் கொட்டாவிக்கு வாயைத் திறந்தபடி. ஜன்னல் ஓரத்தில் சைக்கிள் அம்மா இருந்தாள்.

கடுகு நகத்தால் ஓரத்தைக் கிள்ளி, கிழியாமல் மெல்ல உரித்தெடுத்தாள்.

சோபாக் கடைக்காரர் அதை வாங்கிப் பார்த்தார். முகம் மாறியது. "இதப் போயா ஒட்டறது?" என்றார்.

"வேற எத?"

"தலை கலைஞ்சு, தழும்பும் அதுவுமா... பார்க்கறவங்க, பெத்த அம்மாவ எப்படி வச்சிருக்கான் பாருன்னு பேச மாட்டாங்களா? நாலு பேரு என்ன நினைப்பாங்க?"

கடுகுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தாய் எந்தத் தெருவில் எந்தத் திண்ணையில் சுருண்டு கிடக்கிறாளோ, இந்த ஆளுக்கு இப்போதும் நாலு பேர்! அந்த நாலு பேரும் யார்தான்? பிறந்ததிலிருந்து எல்லோரும் அவர்களைப் பற்றியே பேசுகிறார்கள், ஒருத்தராவது அவர்களைக் கண்ணால் பார்த்திருக்கிறார்களா?

"நாலு பேரு பேசறது கிடக்கட்டும். அந்த நாலு பேருல ஒருத்தருக்காவது உங்க அம்மாவ அடையாளம் தெரியணுமா வேணாமா?" என்றாள். "சார், காணாமப் போனது உங்க அம்மா. நீங்க தேடறது வேற யாரையோ."

அவருடைய செல்போன் அடித்தது. எங்கோ ஒரு ஆஸ்பத்திரியில் யாரோ ஒரு அம்மா இருப்பதாகச் செய்தி. அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடினார். ஓடும்போதும், "பழைய படத்தையே பெருசா போடுங்க, அது போதும்" என்று வாசலிலிருந்து கத்திவிட்டுப் போனார்.

இஸ்திரி கையைப் பிசைந்தார். "பார்ட்டி வேணாங்கறாரே..."

"பார்ட்டியாவது கீர்ட்டியாவது! ஏத்துங்க இத" என்று படத்தை அவர் முன்னால் வைத்தாள்.

அவர் அதை ஸ்கேனரில் வைத்து ஏற்றினார். திரையில் அந்த முகம் பெரிதாக வந்தது. அவர் வலது கை பழக்கத்தில் தானாக மவுஸைப் பிடித்துத் தழும்பின் பக்கம் நகர்ந்தது.

"கைய எடுங்க!"

"இல்ல, அந்த ஓரத்துல வெளிச்சம் மட்டும் கொஞ்சம்..."

"எடுங்கன்னு சொல்றேன்ல!"

இஸ்திரி சூடு பட்டவர்போல் கையை இழுத்துத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார். பிரிண்டர் ஓடியது. இருந்தது இருந்தபடியே, ஒரு மாசுமருவும் குறையாமல், தாள் தாளாக வெளியே வந்து விழுந்தது. அவர் ஒரு தாளைக் கையில் எடுத்து வெகுநேரம் பார்த்தார். "நல்ல முகம்தான்" என்றார் தனக்குத்தானே.

கடுகு பசை டப்பாவையும் பிரஷ்ஷையும் எடுத்துக்கொண்டு கிளம்பினாள். ஒவ்வொரு கம்பமாக, பளிங்கு பொம்மையின் மேலேயே சைக்கிள் அம்மாவை ஒட்டிக்கொண்டு போனாள். பொம்மையின் முகத்தில் பசை தடவும்போது அவளுக்கு ஒரு குரூரமான திருப்தி கூட இருந்தது. கை பூராவும் பிசுபிசுத்தது. வெயில் மண்டையைப் பிளந்தது. நின்று பார்த்தவர்களெல்லாம் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு போனார்கள். தெருத்தெருவாக ஒட்டிக்கொண்டே வந்து பஸ் நிலையத்தில் டீக்கடைக்கு எதிரே இருந்த தூணில் ஒன்றை ஒட்டினாள். ஒட்டி நீவிக்கொண்டிருக்கும்போதே பின்னால் டீக்கடைக்காரர் குரல் கேட்டது.

"இந்த அம்மாவா?"

கடுகு திரும்பினாள்.

"இவங்க அங்கதான உக்காந்திருக்காங்க, நேத்து காலையிலேர்ந்து! நான்தான் டீயும் பன்னும் குடுத்தேன். யாருக்கோ காத்திருக்கேன்னு சொன்னாங்க. சரி, யாராவது வருவாங்கன்னு விட்டுட்டேன்."

"ஏங்க, அங்கயும் நோட்டீஸ் ஒட்டியிருக்கே, பார்க்கலையா?"

"பார்க்காம என்ன? நேத்துலேர்ந்து பார்க்கறேன். அது வேற அம்மாங்க!" என்றார் அவர், வெள்ளந்தியாக.

பிளாட்பாரத்தின் கடைசியில், சிமென்ட் பெஞ்சில் சைக்கிள் அம்மா உட்கார்ந்திருந்தாள். ஒரு காலில் செருப்பு இல்லை. சேலை முழுக்கப் புழுதி. தலைக்கு நேர் மேலே, சுவரில், அவளுடைய பளிங்கு முகம் ஊரைப் பார்த்துப் புன்னகை செய்துகொண்டிருந்தது. கடுகு பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"அம்மா, இங்க என்னம்மா பண்றீங்க?"

அம்மா ரகசியம் சொல்வதுபோல் குனிந்தாள். மேலே சுவரைக் கை காட்டினாள். "இந்தப் பொண்ணக் காணோமாம். பாவம், யார் பெத்த பொண்ணோ. வீட்ல தேடுவாங்க இல்ல? இந்தப் பக்கமா வந்தான்னா புடிச்சு வச்சு வீட்டுக்குச் சொல்லி அனுப்பலாம்னுதான் உக்காந்திருக்கேன். முகத்த நல்லா பார்த்து வச்சிருக்கேன். வந்தா விட மாட்டேன்."

கடுகுக்குச் சிரிப்பதா அழுவதா, எழுந்து போய் அந்தச் சுவரை நாலு மிதி மிதிப்பதா என்று தெரியவில்லை. பசைக் கையோடு அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அவ கிடைச்சுட்டாம்மா" என்றாள்.

"கிடைச்சுட்டாளா? அப்பாடா" என்று அம்மா மூச்சை விட்டாள்.

கடுகு போனில் சொன்னதும் சோபாக் கடைக்காரர் வந்தார். வந்த வேகத்தில் பெஞ்சின் முன்னால் மண்டியிட்டு, அம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குழந்தை மாதிரி விசும்பினார். மூக்கு ஒழுகியது, அதைத் துடைக்கவும் இல்லை. நாலு பேர் என்ன, நாற்பது பேர் கூடி நின்று பார்த்தார்கள். கடுகு கேமராவைக் கொண்டுவரவில்லையே என்று முதல் முறையாக அந்த ஆளின் முகத்துக்காக ஏங்கினாள். சரி, உள்ளே மனுஷன் இருக்கிறான், நாம்தான் அவசரப்பட்டுத் திட்டிவிட்டோம் என்று மன்னித்தும் விட்டாள். அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும், மன்னிப்பதில் அவ்வளவு அவசரம் ஆகாது என்று.

அடுத்த வாரமே அவர் அம்மாவை அழைத்துக்கொண்டு ஸ்டூடியோவுக்கு வந்தார். தாடி போய், சட்டை மடிப்புக் கலையாமல், பழைய ஆளாக இருந்தார். டாக்டர் சொல்லியிருக்கிறாராம்: இனி அம்மா எப்போதும் கழுத்தில் ஒரு அட்டை போட்டிருக்க வேண்டும், முன்பக்கம் அவள் படம், பின்பக்கம் யாருக்குச் சொல்வது என்ற விவரம்.

அம்மா ஸ்டூலில் உட்கார்ந்தாள். நீலத் திரையைக் கடுகு அதற்குப் பிறகு மூடவேயில்லை. அம்மா திரும்பிச் சுவரில் இருந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்து, "எல்லாரும் நல்லா இருக்கீங்களா?" என்று விசாரித்தாள். கடுகு எடுத்தாள். "முடிஞ்சதும்மா" என்றாள், மறுபடி எடுத்தாள். படம் அம்சமாக வந்திருந்தது.

சோபாக் கடைக்காரர் திரையைப் பார்த்தார். தொண்டையைக் கனைத்தார். கடுகின் முகத்தைப் பார்க்காமல் இஸ்திரியின் காதுப் பக்கம் குனிந்தார்.

"எல்லாம் சரிதான்... ஆனா கழுத்துல தொங்கப் போறது, போற வர்றவங்க எல்லாம் பார்ப்பாங்க. அந்தத் தழும்ப மட்டும் லேசா... ரொம்ப வேணாம், லேசா."

லேசாவா? அடப்பாவி! காணாமல் போனால் கண்டுபிடிப்பதற்காக மாட்டுகிற அட்டை! கடுகின் வாயில் வந்ததெல்லாம் வசவுதான். எதை முதலில் எடுப்பது என்று தெரியாமல் நின்றாள். இஸ்திரியைப் பார்த்தாள். அவர் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு, "எனக்கு வராது சார்" என்றார். கல்யாணமான நாளிலிருந்து அவர் சொன்ன வார்த்தைகளில் அவளுக்குப் பிடித்த முதல் வார்த்தை அதுதான்.

"சரி சரி, விடுங்க" என்று சோபாக் கடைக்காரர் அசடு வழியச் சட்டைப் பையில் கை விட்டார். கடை விசிட்டிங் கார்டை எடுத்து நீட்டினார். "பின்பக்கம் இத அப்படியே ஒட்டிடுங்க. என் நம்பர், முகவரி, போட்டோ எல்லாம் இருக்கு. யாராவது கேட்டா அம்மா இதக் காட்டி, என் பையன்னு சொல்லிடுவாங்க."

கடுகு கார்டை வாங்கினாள். கத்தி மூக்கும் பளபளக்கும் கன்னமுமாக அதில் அவர் சோபாவில் உட்கார்ந்திருந்தார். கார்டை அம்மாவின் கையில் கொடுத்து, "இது யாரும்மா?" என்றாள்.

அம்மா அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். தள்ளிப் பிடித்துப் பார்த்தாள். முகத்தில் கவலை படர்ந்தது.

"ஐயோ பாவம்" என்றாள். "இவரும் காணாமப் போயிட்டாரா?"

சோபாக் கடைக்காரர் ஸ்டூலுக்கு முன்னால் குனிந்தார். "அம்மா, நான்தாம்மா அது! நல்லா பாரு!"

அம்மா கார்டைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், மறுபடி கார்டைப் பார்த்தாள். பிறகு கையை நீட்டி அவர் மூக்கை இரண்டு விரலால் பிடித்து, அன்போடு ஆட்டினாள்.

"போடா. இவரு யாரோ பெரிய இடத்துப் புள்ள. என் புள்ளைக்கு மூக்கு சப்ப."

சோபாக் கடைக்காரர் அப்படியே நின்றார். எக்கியிருந்த வயிறு இறங்கியது. தோள் இறங்கியது. உள்ளே பிடித்துவைத்திருந்த மூச்சு நீளமாக வெளியே வந்தது.

கடுகு அதை எடுத்தாள்.